கண்ணீர் காசானது, காசு உயிர் காக்கிறது!

லண்டன் நகரத்தில் வெம்பிளி மைதானம். 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி. சனிக்கிழமை.

80 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். அன்று ரக்பி லீக் கோப்பைக்கான இறுதி ஆட்டம். ஒரு பக்கம் லீட்ஸ் அணி. மறுபக்கம் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் அணி.

ஆட்டம் தொடங்கும் முன், ஒரு பாட்டுப் பாடுவது அங்கே வழக்கம். பொழுது சாயும் வேளையில் துணையாக இருக்கும்படி கடவுளை வேண்டும் கிறிஸ்தவ கீதம் அது. 1929-ஆம் ஆண்டு, இந்தப் பந்தயம் முதன் முதலாக வெம்பிளிக்கு வந்த நாளில் இருந்து அதைப் பாடுகிறார்கள்.

அன்று பாட வந்தவர் ஓர் இளம் பெண். பெயர் லிசி ஜோன்ஸ். பாட்டுப் பயிற்சி பெற்றவர். குரல் இனிமையானது. ஆனால் அன்று 80 ஆயிரம் பேரும் மூச்சு விடாமல் கேட்டதற்குக் காரணம் குரல் மட்டும் அல்ல.

அவருடைய கணவர் ஒரு ரக்பி ஆட்டக்காரர். மைதானத்திலே இருதயம் நின்று மாண்டவர். அவர் இறந்து அன்றைக்கு 118 நாள்தான் ஆகியிருந்தது!

லிசி பாடினார். கடைசி வரி வரை பாடி முடித்தார். கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள்.

அன்று லீட்ஸ் அணி 50-0 என்று வென்றது. கோப்பைப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில் அது ஒரு சாதனை. ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெற்றியைச் சொல்லும்போது, அந்தப் பாட்டையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஆலைத் தொழிலாளரின் ஆட்டம்

லிசியின் கணவர் பெயர் டேனி ஜோன்ஸ். இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்சயர் வட்டாரத்தில், ஹாலிபாக்ஸ் என்ற ஊரில் 1986-ஆம் ஆண்டு பிறந்தவர்.

ஹாலிபாக்ஸ், கீத்லி, ஹட்டர்ஸ்பீல்டு - இவை எல்லாம் ஒரு காலத்தில் கம்பளி நூல் நூற்று, துணி நெய்து வாழ்ந்த ஊர்கள். ஆலைச் சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்கும். சனிக்கிழமை மதியம் ஆலை மூடியதும் ஊரே மைதானத்தில் இருக்கும்.

ரக்பி லீக் அந்த ஊர்களில் பிறந்த ஆட்டம். ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாமல் சம்பளத்தை இழக்கும் தொழிலாளிக்கு ஈட்டுப் பணம் கொடுக்க வேண்டும் என்று வடக்கத்திச் சங்கங்கள் கேட்டன. தலைமைச் சங்கம் மறுத்தது. 1895-ஆம் ஆண்டு ஹட்டர்ஸ்பீல்டு ஊரில் ஓர் ஓட்டலில் கூடித் தனியே பிரிந்து விட்டார்கள். அன்று பிறந்ததுதான் ரக்பி லீக்.

ஒரு பக்கத்துக்கு 13 பேர். முட்டை வடிவப் பந்து. பந்தைக் கையில் அணைத்துக் கொண்டு ஓட வேண்டும். எதிரிகள் பாய்ந்து பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள். கபடியில் பாடி வருகிறவரை மடக்குவது போலத்தான். ஆனால் இங்கே ஓட்டமும் மோதலும் 80 நிமிடம் நடக்கும். நெஞ்சு உரம் இல்லாதவர் அதில் நிற்க முடியாது.

டேனி நின்றார். ஹாலிபாக்ஸ் அணிக்கும் கீத்லி அணிக்கும் ஆடினார். வேல்ஸ் நாட்டு அணிக்கும் ஆடினார். எதிரிகளின் அரணில் இடைவெளி கண்டு பந்தைக் கடத்துவதில் வல்லவர். கம்பத்துக்கு மேலே பந்தை உதைத்து அனுப்புவதில் கெட்டிக்காரர்.

2015-ல் அவர் இருந்த கீத்லி அணி மூன்றாம் தட்டில் இருந்தது. அந்தத் தட்டில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் வாரம் முழுவதும் வேறு வேலை பார்ப்பவர்கள். கோடீசுவரர்கள் அல்ல.

வீட்டில் மனைவி. இரட்டைக் குழந்தைகள். பிறந்து 5 மாதமே ஆன கைக்குழந்தைகள்.

மே 3

2015-ஆம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. வட லண்டனில் "லண்டன் ஸ்கோலர்ஸ்" அணியுடன் கீத்லிக்கு ஆட்டம்.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரம்தான் ஆயிற்று. டேனிக்கு உடம்பு சரியில்லை. மைதானத்தை விட்டு வெளியே வந்தார். வந்த இடத்தில் சாய்ந்தார்.

ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைக்கவில்லை. வயது 29.

யாரும் அவரை அடிக்கவில்லை. தலையில் காயம் இல்லை. பிறகு ஏன் இறந்தார்?

உடலைப் பரிசோதித்த பிறகே காரணம் தெரிந்தது. டேனிக்கு இருதயத் தசையில் ஒரு பரம்பரைக் கோளாறு இருந்தது. இருதயத்தின் சுவர் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் தடித்துப் போகும் நோய். டாக்டர்கள் இதை "ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி" என்பார்கள். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பலர் முதுமை வரை ஒரு தொல்லையும் இல்லாமல் வாழ்ந்து விடுகிறார்கள். சிலருக்கு அதன் முதல் அடையாளமே மரணமாக வந்து நிற்கிறது.

தாளம் தப்பினால்...

இருதயம் துடிப்பது மின்சாரத்தால். மேல் பக்கத்தில் வலது அறையில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அங்கே ஒரு மின் துடிப்புப் பிறந்து, கீழே இறங்கி, தசை முழுவதும் பரவுகிறது. தசை சுருங்குகிறது. ரத்தம் பாய்கிறது. நிமிடத்துக்கு 70 தடவை, நாளுக்கு ஒரு லட்சம் தடவை இது நடக்கிறது.

தசை தடித்து, அதன் இழைகள் தாறுமாறாகக் கிடந்தால், மின்சாரம் நேர் வழியில் போகாது. சுற்றிச் சுழலும். அப்போது இருதயம் துடிக்காது, நடுங்கும். பாத்திரத்தில் தண்ணீர் தளும்புவது போல் நடுங்கும். ரத்தம் ஒரு சொட்டுக்கூட மூளைக்குப் போகாது. சில நொடிகளில் நினைவு தப்பி விடும்.

இது மாரடைப்பு அல்ல. மாரடைப்பு என்பது ரத்தக் குழாய் அடைபடுவது. இது தாளம் தப்புவது.

தசையில் ஒரு கோளாறும் இல்லாமல், மின்சாரத்தில் மட்டும் கோளாறு உள்ளவர்களும் உண்டு. "நீண்ட கியூ.டி." என்று ஒரு நோய். ஸ்பெயின் நாட்டு டாக்டர்களான புருகாடா சகோதரர்கள் 1992-ல் கண்டு சொன்ன நோய் ஒன்று. இவற்றால் இறந்தவரின் உடலை அறுத்துப் பார்த்தாலும் எதுவும் தெரியாது. நடுக்கத்துக்குத் தடயம் ஏது? நல்ல பிள்ளை, நேற்று வரை ஓடியாடிய பிள்ளை, காலையில் எழுந்திருக்கவில்லை என்று பெற்றோர் விக்கித்து நிற்பார்கள்.

இங்கிலாந்து, ஸ்காத்லாந்து உள்ளிட்ட பிரிட்டனில், 35 வயதுக்கு உட்பட்டவர்களில் வாரத்துக்கு 12 பேராவது இப்படித் திடீர் இருதயக் கோளாறால் இறக்கிறார்கள் என்று "கார்டியாக் ரிஸ்க் இன் தி யங்" என்ற தரும சங்கம் சொல்கிறது. அவர்களில் 100-க்கு 80 பேருக்கு முன்கூட்டி ஒரு அறிகுறியும் தெரிவது இல்லையாம்.

இரண்டு கேள்விகள்

லிசி ஜோன்சின் மனதில் இரண்டு கேள்விகள் எழுந்தன.

அவருக்கு இப்படி ஒரு நோய் இருந்தது முன்பே ஏன் தெரியவில்லை?

இதே போல் இன்னொருவர் விழுந்தால், அவரைக் காப்பாற்றும் எந்திரம் எல்லா மைதானத்திலும் இருக்கிறதா?

முதல் கேள்விக்கு விடை, பரிசோதனை. நெஞ்சிலும் கை கால்களிலும் கம்பியை ஒட்டி எடுக்கும் இ.சி.ஜி. படம் சில நிமிட வேலை. வலி கிடையாது. ஆனால் அன்று மூன்றாம் தட்டு ஆட்டக்காரர்களுக்கு இருதயப் பரிசோதனை கட்டாயமாக இல்லை. லிசி குரல் கொடுத்தார். ரக்பி லீக் தலைமைச் சங்கம் செவி சாய்த்தது. 2016 முதல் சம்பளத்துக்கு ஆடும் எல்லாத் தட்டினருக்கும் பரிசோதனை கட்டாயம் ஆயிற்று.

இரண்டாவது கேள்விக்கு விடை, பணம். சம்பளம் இல்லாமல், ஆசைக்காக ஆடும் சிறு சங்கங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பிள்ளைகள் ஆடும் சங்கங்களும் அவற்றில் சேரும். உடை மாற்ற ஓர் அறை, தேநீர் போட ஓர் அறை - அவ்வளவுதான் அவற்றின் சொத்து. இருதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைத் திருப்பும் எந்திரத்துக்கு "டிபிபிரிலேட்டர்" என்று பெயர். விலை ஏறக்குறைய 1,000 பவுண்டு. பந்து வாங்கவே சந்தா பிரிக்கும் சங்கம் அதற்கு எங்கே போகும்?

"டேனி ஜோன்ஸ் டிபிபிரிலேட்டர் நிதி" பிறந்தது. ரக்பி லீக் ரசிகர்களும் சங்கங்களும் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணம் எந்திரமாக மாறி, சிறு சங்கங்களுக்குப் போகத் தொடங்கியது.

ஓடினால் காசு, நடந்தால் காசு

அந்த நாட்டில் தருமத்துக்குப் பணம் திரட்டும் முறையே தனி. ஒருவர் இத்தனை மைல் ஓடுவதாக அறிவிப்பார். அண்டை வீட்டாரும், கூட வேலை பார்ப்பவர்களும், நீ ஓடி முடித்தால் இவ்வளவு தருகிறேன் என்று பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். ஓடத் தெரியாதவர் சைக்கிள் மிதிப்பார். மலை ஏறுவார். தலையை மொட்டை அடித்துக் கொள்வார். பாட்டிமார்கள் கேக் சுட்டு விற்பார்கள். மைதான வாசலில் இரண்டு பேர் வாளியை நீட்டிக் கொண்டு நிற்பார்கள். சில்லறை விழும் ஓசை கேட்டுக் கொண்டே இருக்கும்.

கார்டியாக் ரிஸ்க் இன் தி யங் சங்கத்தை 1995-ல் தொடங்கியவர் ஆலிசன் காக்ஸ் என்ற பெண்மணி. டென்னிஸ் ஆடும் அவருடைய மகனுக்கு, அமெரிக்காவில் நடந்த பரிசோதனையில் இருதயக் கோளாறு இருப்பது தெரியவந்தது. தம் பிள்ளைக்கு அங்கே போனதால் தெரிந்தது. இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு யார் பார்ப்பது என்று அவர் யோசித்ததன் விளைவு அந்தச் சங்கம். அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் "அழு" என்று பொருள் வரும்!

பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள், பிள்ளை பெயரில் இந்தச் சங்கத்தில் நிதி வைக்கிறார்கள். ஆண்டுதோறும் லண்டனில் தேம்ஸ் ஆற்றுப் பாலங்கள் வழியாக நடைப்பயணம் போகிறார்கள். மறைந்தவரின் படத்தைச் சட்டையில் பொறித்துக் கொண்டு, தாயும் தந்தையும் தம்பியும் தங்கையும் நண்பர்களும் நடக்கிறார்கள்.

சேர்ந்த பணம் என்ன ஆகிறது? பிள்ளை படித்த பள்ளிக்கூடத்திலோ, ஆடிய சங்கத்திலோ ஒரு நாள் பரிசோதனை முகாம் நடக்கிறது. 14 வயது முதல் 35 வயது வரை உள்ளவர்கள் வந்து, காசு கொடுக்காமல் இ.சி.ஜி. எடுத்துக் கொள்கிறார்கள். இப்படி ஆண்டுக்கு ஏறக்குறைய 30 ஆயிரம் பேர் பரிசோதிக்கப்படுகிறார்கள். 300 பேரில் ஒருவருக்கு உயிருக்கு ஆபத்தான கோளாறு இருப்பது தெரிகிறது என்று சங்கம் கூறுகிறது.

அந்த ஒருவர் யார் என்பது நிதி வைத்த தாய்க்குத் தெரியாது. தம் மகன் பெயரால் யாரோ ஒரு மகன் பிழைத்தான் என்பது மட்டும் தெரியும்.

அரசாங்கம் ஏன் செய்யவில்லை?

இவ்வளவு நல்ல காரியத்தை அரசாங்கமே செய்யக் கூடாதா?

இத்தாலி செய்கிறது. 1982 முதல் அங்கே போட்டிகளில் கலந்து கொள்ளும் எந்த விளையாட்டுக்காரரும் இ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனையில் தேற வேண்டும் என்பது சட்டம். அதன் பலன் என்ன? வெனிஸ் நகரம் இருக்கும் வெனிட்டோ மாகாணத்தில் கணக்கு எடுத்தார்கள். 1979-80-ல் இளம் விளையாட்டுக்காரர்கள் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 3.6 பேர் திடீர் இருதய மரணம் அடைந்தார்கள். 2003-04-ல் அது 0.4 ஆகக் குறைந்தது.

பிரிட்டனின் பரிசோதனைக் குழு வேறு மாதிரி சொன்னது. இளைஞர் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டாம் என்று 2015-ல் கூறியது. மறுபடி ஆராய்ந்தபோதும் அதையே கூறியது. நோய் இல்லாதவருக்கு இருப்பதாகக் காட்டி வீண் பீதி உண்டாகலாம். நோய் உள்ளவர் தப்பி விடவும் கூடும் என்பது குழுவின் வாதம்.

அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. இங்கிலாந்தில் கால்பந்துப் பயிற்சிப் பள்ளிகளில் 1996 முதல் 2016 வரை 11,168 இளைஞர்களைப் பரிசோதித்தார்கள். 42 பேருக்கு ஆபத்தான கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. பிற்காலத்தில் அந்த 11,168 பேரில் 8 பேர் இருதய நோயால் இறந்தார்கள். அந்த 8 பேரில் 6 பேர், பரிசோதனையில் "கோளாறு இல்லை" என்று தேறியவர்கள்! 2018-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

ஆகவே, பரிசோதனை நல்லது. ஆனால் பரிசோதனை மட்டும் போதாது. சல்லடையில் தப்பியவர் விழும்போது தாங்கிப் பிடிக்க இன்னொன்று வேண்டும். அதுதான் மைதானச் சுவரில் தொங்கும் பெட்டி. லிசியின் இரண்டு கேள்விகளும் சரியான கேள்விகள் என்பது இதில் இருந்து விளங்கும்.

பேசும் பெட்டி

மின் அதிர்ச்சியால் முதன் முதலாக ஒரு மனிதரின் இருதயத்தைத் திருப்பித் துடிக்க வைத்தவர் கிளாட் பெக் என்ற அமெரிக்க டாக்டர். 1947-ல் ஆபரேஷன் மேஜையில் 14 வயதுப் பையன் பிழைத்தான். பெல்பாஸ்ட் நகரத்து டாக்டர் பிராங்க் பாண்ட்ரிட்ஜ், 1965-ல் அந்த எந்திரத்தை ஆம்புலன்சில் ஏற்றினார். கார் பேட்டரியில் ஓடிய அது ஏறக்குறைய 70 கிலோ எடை! இப்போது மைதானத்தில் தொங்குவது ஒரு சாப்பாட்டுக் கூடை அளவுதான்.

இதற்குள்ளும் ஒரு துக்கக் கதை இருக்கிறது. இஸ்ரேல் நாட்டில் மிஷல் மிரோவ்ஸ்கி என்ற டாக்டர். அவருடைய குருவும் நண்பருமான ஹாரி ஹெல்லர் 1966-ல் இருதயத் தாளம் தப்பி இறந்தார். அந்த எந்திரத்தைச் சிறிதாக்கி உடம்புக்குள்ளேயே வைத்தால் என்ன என்று மிரோவ்ஸ்கி கேட்டார். பெரிய டாக்டர்கள் சிரித்தார்கள். அவர் விடவில்லை. 1980-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் முதல் எந்திரம் ஒருவரின் உடலுக்குள் வைக்கப்பட்டது.

டென்மார்க் நாட்டுக் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், 2021 ஜூன் 12-ல் ஆட்டத்தின் நடுவே விழுந்தார். அவருக்கும் அன்று வயது 29. மைதானத்திலேயே அதிர்ச்சி கொடுத்தார்கள். பிழைத்தார். இப்படிப்பட்ட எந்திரத்தை உடம்புக்குள் வைத்துக் கொண்டு, மறு ஆண்டே ஆட வந்து விட்டார்.

டேனி விழுந்த வட லண்டன் வட்டாரத்திலேயே, மூன்று ஆண்டுக்கு முன், 2012 மார்ச் 17-ல், 23 வயதுக் கால்பந்து வீரர் பாப்ரிஸ் முவாம்பா விழுந்தார். ஆட்டம் பார்க்க வந்திருந்த இருதய டாக்டர் ஆண்ட்ரூ டீனர், கூட்டத்தில் இருந்து இறங்கி ஓடி வந்தார். 78 நிமிடம் இருதயம் தானாகத் துடிக்கவில்லை. 15 தடவை அதிர்ச்சி கொடுத்தார்கள். முவாம்பா பிழைத்தார்! அந்த 78 நிமிடமும் நெஞ்சை அமுக்கிக் கொண்டே இருந்ததுதான் ரகசியம்.

ஒருவர் திடீரென்று விழுந்து, மூச்சு இல்லாமல் கிடந்தால் என்ன செய்வது? ஆம்புலன்சுக்குச் சொல்லி விட வேண்டும். நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் போக அமுக்க வேண்டும். இன்னொருவர் ஓடிப் போய்ப் பெட்டியைக் கொண்டு வர வேண்டும். திறந்தால் அது பேசும். எங்கே ஒட்ட வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று அதுவே சொல்லும். தாளத்தை அதுவே பார்த்து, தேவை இருந்தால்தான் அதிர்ச்சி கொடுக்கும். படிக்காதவரும் கையாளலாம்.

தாமதம் மட்டும் கூடாது. ஒவ்வொரு நிமிடம் போகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு 100-க்கு 10 வீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் 8 நிமிடத்தில் வந்தாலும், அது நல்ல ஆம்புலன்ஸ்தான். ஆனால் அந்த 8 நிமிடம் யாருடையது? பக்கத்தில் நிற்பவருடையது!

சுவரில் ஒரு பெயர்

லிவர்ப்பூல் நகரத்தில் 2011-ல் ஒரு 12 வயதுச் சிறுவன் பள்ளிக்கூட நீச்சல் பந்தயத்தில் மாண்டான். அவன் தந்தை ஓயாமல் குரல் கொடுத்தார். அவரைப் போன்றவர்களின் பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு, 2023-க்குள் இங்கிலாந்தின் அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்கு 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட எந்திரங்களை அரசாங்கமே கொடுத்தது. தந்தை கேட்டது, அரசாங்கம் கொடுத்தது. பெற்றவரின் வாளியில் விழுந்த சில்லறையின் ஓசை, மந்திரி சபை வரை கேட்டிருக்கிறது.

மறைந்தவர் பெயரால் மண்டபம் கட்டுவார்கள். சிலை வைப்பார்கள். கல் நடுவார்கள். சிலை யாரையும் எழுப்பாது.

யார்க்சயரில் ஏதோ ஒரு சிறு மைதானம். மழை தூறுகிறது. சேற்றில் பிள்ளைகள் முட்டைப் பந்தைத் துரத்துகிறார்கள். உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு பெட்டி தொங்குகிறது. தாய்மார்கள் அதைக் கவனிப்பது இல்லை. கவனிக்க வேண்டிய நாள் வராமல் இருக்க வேண்டும் என்பதே எல்லோருடைய வேண்டுதலும்.

ஆனால் அந்த நாள் வந்தால், பெட்டி தயாராக இருக்கும்.

29 வயதில் போன ஒருவரின் மனைவி, அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக் கொண்டு செய்த காரியம் அது.